பொறி விழுந்தது, பற்றவில்லை

ராத்திரி 11 மணி. வலது கை ஆள்காட்டி விரல் மூட்டில் தோல் உரிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. எதிரே அழகாக அடுக்கி வைத்த விறகு, அதன் நடுவில் பஞ்சு. அந்தப் பஞ்சின் மேல் அதுவரை ஆயிரம் பொறியாவது விழுந்திருக்கும். ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. தொட்டுப் பார்த்தால் பஞ்சு ஜில்லென்று இருந்தது. தீப்பெட்டி இல்லை, லைட்டர் இல்லை, கூப்பிடு தூரத்தில் ஆளும் இல்லை. கையில் இருந்தது ஒரு சிக்கிமுக்கிக் கல், ஒரு எஃகுத் துண்டு, அவ்வளவுதான். அந்த ஐந்து மணி நேரத்தில் கல்லைத் திட்டினேன், இரும்பைத் திட்டினேன், மழையைத் திட்டினேன், என் கையைத் திட்டினேன். திட்ட வேண்டிய பஞ்சை மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தனியாக ஒரு ராத்திரி காட்டோரம் தங்க வேண்டும் என்பது பல நாள் ஆசை. அதற்குத் தயாராகிறேன் பேர்வழி என்று ஒரு மாதம் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒரே காட்சி. ஒருவர் பையிலிருந்து ஒரு கறுப்புக் கம்பியை எடுப்பார், கத்தியின் முதுகால் ஒரே இழுப்பு, வெள்ளை வெளேரென்று பொறி மழையாகக் கொட்டும், கீழே இருக்கும் பஞ்சு குபீரென்று பற்றிக்கொள்ளும். பார்க்கவே ஆசையாக இருக்கும். நானும் வாங்கலாம் என்று தேடியபோது ‘சிக்கிமுக்கிக் கல்’ என்ற ஒரே பெயரில் இரண்டு விதமான சாமான்கள் வந்தன. ஒன்று அந்தக் கறுப்புக் கம்பி. இன்னொன்று நிஜக் கல்லும், பிறை வடிவில் வளைத்த ஒரு எஃகுத் துண்டும். இரண்டாவதுதான் ‘அசல்’ போலத் தெரிந்தது. ஆதிகாலத்து ஆள் மாதிரி கல்லைத் தட்டித் தீ மூட்டுவதில் ஒரு கெத்து இருக்கிறதல்லவா? வாங்கிவிட்டேன். வீட்டில் இருட்டறையில் நின்று நாலு தடவை தட்டினேன், பொறி வந்தது. திருப்தி. அந்தப் பொறி எதையாவது பற்றவைக்கிறதா என்று பார்க்கத் தோன்றவே இல்லை. கிளம்புகிற அன்று லைட்டரை எடுத்துப் பையில் வைத்துவிட்டு, ‘இது இருந்தால் இதைத்தான் எடுக்கத் தோன்றும்’ என்று திரும்ப வெளியே எடுத்து வைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சாயங்காலம் 6 மணிக்கு ஆரம்பித்தேன். லேசான தூறல், ஆனால் தீ மூட்டும் இடத்துக்கு மேல் தார்ப்பாய் கட்டியிருந்தேன், விறகும் வீட்டிலிருந்து கொண்டுபோன காய்ந்த விறகு. வீடியோவில் சொன்னபடியே வாஸ்லின் களிம்பு தடவிய பஞ்சு உருண்டைகளும் வைத்திருந்தேன். தட்டினேன். செம்மஞ்சள் நிறத்தில் நாலைந்து பொறி எழுந்து பஞ்சின் மேல் விழுந்து, விழுந்த மாத்திரத்தில் அணைந்தது. திரும்பத் தட்டினேன். திரும்ப அதேதான். பஞ்சைப் பிய்த்துப் பஞ்சுமிட்டாய் மாதிரி உதிரியாக்கினேன். வாஸ்லின் தடவாத பஞ்சை வைத்தேன். டிஷ்யூ பேப்பரை நார் நாராகக் கிழித்து வைத்தேன். புல், சருகு, மரத்தூள், கடைசியில் சட்டைப் பை மூலையில் சேர்ந்திருந்த பஞ்சுத்தூசு வரைக்கும் வைத்துப் பார்த்தாயிற்று. 8 மணிக்கு மேல் கோபத்தில் தட்டும் வேகம் கூடியது. வேகம் கூடினால் குறி தவறும். எஃகைப் பிடித்திருந்த விரல் நேராகக் கல்லின் விளிம்பில் போய் மோதியது. உடைந்த சிக்கிமுக்கியின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும் என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டேன். அதன் பிறகும் விடவில்லை. விட்டால் குளிரத் தொடங்கிவிடும், தட்டிக்கொண்டே இருந்தால் உடம்பாவது சூடாக இருக்கிறதே. 11 மணிக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும் நிறுத்தினேன். கொண்டுபோன துணி எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்தே இருந்தேன். பயமா என்று கேட்டால், பயத்தைவிட அவமானம்தான் அதிகம். பார்க்க ஒருத்தரும் இல்லாத இடத்தில்கூட அவமானம் வரும் என்பது எனக்கே புதுச் செய்தி.

வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் வேலை இன்னொரு செட் வாங்கியது. கல் சரியில்லை என்று முடிவு கட்டியிருந்தேன். இரண்டாவதும் அப்படியே. சரி, எஃகுதான் மட்டம் என்று மூன்றாவதாக ஒன்று. அதுவும் ஆனபிறகு மூன்றையும் தூக்கிக்கொண்டு ஒரு கொல்லுப்பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் ஒவ்வொன்றின் மேலும் அரத்தை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். முதலிலும் மூன்றாவதிலும் அரம் வழுக்கிக்கொண்டு போனது, இரண்டாவதில் கறகறவென்று கடித்தது. “இது பதம் ஏறலை தம்பி, இந்த ரெண்டும் நல்ல எஃகுதான். பொறி வருதுல்ல? அப்புறம் என்ன குறைங்கிறீங்க?” என்றார். பற்ற மாட்டேன் என்கிறது ஐயா என்றேன். “எதுல பிடிக்கிறீங்க?” என்று கேட்டார். பஞ்சில் என்றதும் சிரித்துவிட்டு, “பச்சைப் பஞ்சுலயா? கருக்கிப் பிடிக்கணும் தம்பி” என்று சொல்லிவிட்டுத் துருத்திப் பக்கம் திரும்பிவிட்டார். மூன்று செட்டுக்குக் கொடுத்த காசில் நல்ல தூக்கப்பை ஒன்று வாங்கியிருக்கலாம். அந்தப் பை மட்டும் இருந்திருந்தால் அந்த ராத்திரி தீயே தேவைப்பட்டிருக்காது.

கருக்கிப் பிடிப்பது என்றால் என்ன என்று அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். இந்தக் கல்லைப் பற்றி நம்மில் பலர் நினைப்பதே தலைகீழ். பொறி கல்லிலிருந்து வருவதில்லை. எஃகைவிடக் கல் கெட்டி. அதன் கூரான விளிம்பு எஃகைச் சீவி எடுக்கிறது. சீவிய துணுக்கு உரசிய சூட்டோடு காற்றில் பறக்கும்போது, இரும்பே ஆக்சிஜனோடு சேர்ந்து எரிகிறது. அதுதான் நாம் பார்க்கும் பொறி. வெள்ளைத் தாளின் மேல் பத்துத் தடவை தட்டிவிட்டுத் தாளில் விழுந்ததைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். தூசு மாதிரிக் கறுப்புத் துணுக்குகள் கிடக்கும், அதில் சில உருகி உருண்டையாகியிருக்கும். ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக் இதையே நுண்ணோக்கியில் பார்த்து 1665-லேயே எழுதி வைத்திருக்கிறார். அவ்வளவு சின்னத் துணுக்கில் எவ்வளவு சூடு தங்கும்? விழுந்து கண் சிமிட்டுவதற்குள் ஆறிப்போகிறது. வீடியோவில் வந்த கறுப்புக் கம்பி வேறு ஜாதி. அது கல்லே இல்லை, ஃபெரோசீரியம் என்ற உலோகக் கலவை. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுவர் ஃபொன் வெல்ஸ்பாக் 1903-ல் காப்புரிமை வாங்கியது. லைட்டரில் இருக்கும் குட்டிக் ‘கல்’லும் அதுதான். அதன் பொறி சுமார் 3000 டிகிரி செல்சியஸ் வரை போகும், துணுக்கும் பெரிது, தரையில் விழுந்த பிறகும் கொஞ்சம் எரியும். அது பஞ்சைப் பற்றவைத்துவிடும். எஃகுப் பொறியால் முடியாது. ஆக, கம்பிக்கு உரிய பஞ்சை வைத்துக்கொண்டு நான் கல்லைத் தட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் கையில் இருப்பது எது என்று சந்தேகம் இருந்தால் பொறியின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளையாக மழைபோல் கொட்டினால் ஃபெரோ கம்பி, செம்மஞ்சளாக எண்ணிவிடக்கூடிய அளவுக்கு வந்தால் எஃகு. எது என்று தெரியாமல் பஞ்சு தேடக் கிளம்பாதீர்கள்.

பஞ்சு, மரம் மாதிரி எந்தப் பொருளும் சுவாலை விட்டு எரிவதற்கு முன்னால் அதிலிருக்கும் ஈரம் போக வேண்டும், அப்புறம் சூட்டில் சிதைந்து வாயு கிளம்ப வேண்டும், அந்த வாயு பற்றினால்தான் சுவாலை. இதையெல்லாம் செய்ய எஃகுப் பொறியிடம் சூடு கிடையாது. அந்த வேலையை நாம் முன்கூட்டியே முடித்துவிட்டால்? பருத்தித் துணியைக் காற்றுப் படாமல் சுட்டால் ஈரமும் வாயுவும் வெளியேறி, இழை இழையாகக் கரி மட்டும் மிஞ்சும். நுண்ணிய துளைகள் நிறைந்த கரி அது. அதன் ஓர் இழையில் பொறி ஒட்டினால் போதும், சுவாலை வராது, ஆனால் கங்கு பிடித்து மெல்லப் பரவும். இங்கே தேடுவது கங்குதான். பஞ்சு உடனே எரியவில்லையே என்று அந்த ராத்திரி முழுக்க நான் பார்த்துக்கொண்டிருந்ததே தப்பு.

இதற்குக் கருந்துணி என்று பெயர் வைத்திருக்கிறேன். கரித்துணி என்றால் அடுப்பிலிருந்து சட்டி இறக்குகிற துணி என்று வீட்டில் குழப்பம் வந்து, ஒரு தடவை நான் கருக்கி வைத்ததைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். செய்முறை கேட்கச் சுலபம். மூடி இறுக்கமாக உள்ள ஒரு சின்னத் தகர டப்பா, மூடியில் ஆணியால் ஒரே ஒரு துளை, உள்ளே நெருக்கித் திணிக்காமல் துணித் துண்டுகள். டப்பாவைக் கனலின் மேல் வைத்தால் துளை வழியாகப் புகை வரும். புகை நின்றதும் இறக்கித் துளையை அடைத்து ஆறவிட வேண்டும். இதை நான் சரியாகச் செய்ய ஏழு வாரம் ஆனது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தாலும் கூட்டிப் பாருங்கள்.

முதல் ஈடு பழைய டி-சர்ட். தொட்டால் பருத்தி மாதிரியே இருந்தது. டப்பாவைத் திறந்தால் அடியில் தார் மாதிரி உருகி, துண்டுகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கெட்டியாகக் கிடந்தது. பாலியெஸ்டர் கலந்த துணி. அன்றிலிருந்து எந்தத் துணியானாலும் முதலில் நாலு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுகிறேன். காகிதம் எரிகிற வாடை அடித்து, விரலில் தேய்த்தால் சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி அல்லது லினன். நுனி சுருங்கி மணி மாதிரிக் கெட்டியானால் அதில் செயற்கை இழை இருக்கிறது, தூக்கிப் போடலாம். பிரிண்ட் போட்ட பகுதியும் ஆகாது, அந்தச் சாயத்திலேயே பிளாஸ்டிக் இருக்கும். புதுத் துணியை நாலு தடவை துவைத்துவிட்டுக் கருக்குங்கள். பல தடவை துவைத்து நைந்துபோன பழைய பருத்தி வேட்டிக்கு ஈடாக எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை. பழைய ஜீன்ஸ் துணிக்கு வேறு ஒரு குணம். பொறி கொஞ்சம் தாமதமாகப் பிடிக்கும், ஆனால் கங்கு ரொம்ப நேரம் நிற்கும். மெல்லிய துணியில் உடனே பிடித்து உடனே தீர்ந்துவிடும். இப்போது இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறேன். மெல்லியதில் பிடித்து, ஜீன்ஸ் துண்டின் மேல் வைத்துவிடுவேன்.

இரண்டாவது ஈடு நன்றாகத்தான் வந்திருக்க வேண்டும். பொறுமை இல்லாமல் நான் கெடுத்தேன். டப்பாவை இறக்கி ஐந்து நிமிடத்தில் திறந்தேன். திறந்ததும் கறுப்பாகப் பட்டுபோல் இருந்த துணி, என் கண் முன்னாலேயே ஓரத்திலிருந்து சிவந்து, ஒரு நிமிடத்துக்குள் மொத்தமும் சாம்பல். உள்ளே சூடு இருக்கும்போது காற்று போனால் அப்படித்தான் ஆகும். வயிற்றெரிச்சல்தான், ஆனால் அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது. முதல் தடவையாக என் துணி கங்கு பிடித்ததைப் பார்த்தேனே! இப்போதெல்லாம் டப்பாவை வெறுங்கையால் எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு ஆறிய பிறகுதான் திறக்கிறேன்.

மூன்றாவது தடவை பயத்தில் சீக்கிரம் இறக்கிவிட்டேன். துணி காப்பிப் பொடி நிறத்தில் இருந்தது. கிழித்தால் இன்னும் துணியாகவே கிழிந்தது. பொறி பிடிக்கவில்லை. நல்லவேளை, அதைத் திரும்ப டப்பாவில் போட்டுச் சுட்டால் சரியாகிவிடும். நாலாவது தடவை அதற்கு நேர் எதிர், அளவுக்கு மீறிச் சுட்டதில் தொட்டதும் பொடியாகிவிட்டது. சரியான பதம் என்னவென்றால் ஒரே சீரான கறுப்பு, பழுப்புத் திட்டே இருக்கக் கூடாது, கையில் எடுத்தால் துணியாக நிற்க வேண்டும், லேசாக இழுத்தால் சத்தமில்லாமல் பிய்ந்து வர வேண்டும். நேரக் கணக்கு கேட்காதீர்கள், டப்பாவின் அளவையும் கனலையும் பொறுத்து மாறும். எனக்குப் பத்து நிமிடமும் ஆகியிருக்கிறது, இருபத்தைந்தும் ஆகியிருக்கிறது. புகையைத்தான் நம்ப வேண்டும். முதலில் வெள்ளையாகப் பீய்ச்சும், சில சமயம் துளை வாயில் அதுவே தீப்பிடித்துக் குட்டி விளக்கு மாதிரி எரியும், பயப்பட வேண்டாம். அது மெலிந்து நூலாகி நின்றுபோனால் முடிந்தது. வீட்டுக்குள் மட்டும் செய்யவே செய்யாதீர்கள். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். டப்பாவின் வெளிப் பெயின்டும் முதல் தடவை கருகி நாறும், அதனால் புது டப்பாவை வெறுமையாக ஒரு முறை கனலில் போட்டு எடுத்துவிடுங்கள்.

துணி கைவந்ததும் ஆசை விடவில்லை, வேறு எது எதெல்லாம் பொறி பிடிக்கும் என்று இறங்கிவிட்டேன். இலவம்பஞ்சும் எருக்கம்பஞ்சும் பார்க்க அவ்வளவு நொய்ம்மை, பொறி விழுந்தால் பற்றிக்கொள்ளும் என்று சத்தியம் செய்திருப்பேன். எஃகுப் பொறிக்கு எனக்கு ஒரு தடவைகூடப் பிடிக்கவில்லை. நெருப்பைக் காட்டினால் மட்டும் ‘புஸ்’ என்று ஒரு நொடியில் எரிந்து காணாமல் போகும். கருக்கினால் தூளாகிவிடும். என்னை ஆச்சரியப்படுத்தியது உளுத்த மரம். விரலால் அழுத்தினால் ஸ்பாஞ்சு மாதிரி அமுங்கும் அளவுக்கு மக்கி, அப்புறம் நன்றாகக் காய்ந்த மரத்தைத் துணி மாதிரியே டப்பாவில் போட்டுக் கருக்கினால் அருமையாகப் பொறி பிடிக்கிறது. துணியைவிடக் கங்கு நெடுநேரம் நிற்கிறது. காசும் செலவில்லை. ஆனால் பையில் குலுங்கினால் உடைந்துவிடும். வெடியுப்புக் கரைசலில் நனைத்துக் காய வைத்த காகிதமும் பிடிக்கும், அந்தக் காலத்தில் அப்படிச் செய்திருக்கிறார்கள். கருந்துணி இருக்கும்போது அந்த வம்பு எதற்கு என்று நான் போகவில்லை.

காளானில்தான் மறுபடி காசை விட்டேன். பிர்ச், பீச் என்ற குளிர்நாட்டு மரங்களில் குளம்பு மாதிரி வளரும் ஒரு மரக்காளான் இருக்கிறது, ஃபோமெஸ் ஃபொமென்டேரியஸ். ஆல்ப்ஸ் மலையில் 1991-ல் பனிக்குள் கிடைத்த ஓட்சி என்ற மனிதரின் இடுப்புப் பையில் இந்தக் காளான் இருந்தது, அதில் பைரைட் என்ற, தட்டினால் பொறி தரும் கனிமத்தின் துகள் ஒட்டியிருந்தது. அவர் வாழ்ந்தது ஏறக்குறைய 5300 ஆண்டுகளுக்கு முன். 5300 ஆண்டுகளுக்கு முந்தைய ஆளுக்கே தெரிந்த விஷயம் என்று உணர்ச்சிவசப்பட்டு ஆர்டர் போட்டேன். வந்தது மரக்கட்டை மாதிரி ஒரு முழுக் காளான். அதன் மேலேயே தட்டிக்கொண்டிருந்தேன், நடக்குமா? வெளிப்புறத்துக் கெட்டி ஓட்டுக்கும் அடியில் இருக்கும் குழாய் அடுக்குக்கும் நடுவே, மான்தோல் மாதிரி மெத்தென்ற பழுப்பு நிற அடுக்கு ஒன்று உண்டு. அதை மட்டும் சீவி எடுத்து, சாம்பல் நீரில் வேகவைத்துத் தட்டிப் பதப்படுத்தியதுதான் பொறி பிடிப்பது. வாங்குவதானால் பதப்படுத்தியதா, முழுக் காளானா என்று கேட்டு வாங்குங்கள். எனக்கு வந்ததில் அந்த அடுக்கு விரல் தடிமன்கூட இல்லை. இப்போது அது என் மேஜையில் பேப்பர் வெயிட்.

கங்கு பிடித்தாயிற்று, தீ வந்துவிட்டதா என்றால் இல்லை. கருந்துணி தானாகச் சுவாலை விடாது. கங்கை ஒரு நார்க்கூட்டில் வைத்து ஊதினால்தான் சுவாலை. அது ஒரு தனிக் கலை, அதில் இன்னொரு பத்து நாள் போனது. சணல் கயிற்றைப் பிரித்து உள்ளங்கையில் நன்றாகக் கசக்கினால் கிடைக்கும் மெல்லிய நார் நடுவில், தேங்காய் நாரோ காய்ந்த புல்லோ சுற்றிலும், குருவிக்கூடு மாதிரி. நான் முதலில் செய்த கூடுகள் தலையணை மாதிரி இறுக்கமாக இருந்தன, காற்றே போகாது. பிறகு ஒன்றைப் பூப்போலத் தளர்த்திவிட்டேன், கங்கு எந்த நாரையும் தொடாமல் நடுவில் தனியாகக் கிடந்து அணைந்தது. கங்கின் மேலேயும் பக்கத்திலும் நார் உரச வேண்டும், ஆனால் நசுக்கக் கூடாது. கூட்டை முகத்துக்குக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்து, அடியிலிருந்து நீளமாக, மெதுவாக ஊதுங்கள். கண்ணில் புகையும் அடிக்காது. புகை முதலில் மெல்லியதாக வரும், பிறகு பால் மாதிரித் திரண்டு கெட்டியாகும். அங்கேதான் மூச்சு வாங்குகிறதே என்று பலமுறை விட்டிருக்கிறேன். விடாதீர்கள், இன்னும் மூன்று நாலு ஊதலில் ‘பக்’கென்று பற்றும். பற்றும்போது விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈரம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காய்ந்த நார் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் காய்ந்திருக்காது. காற்றில் ஈரப்பதம் ஏறினால் நாரும் புல்லும் அதை உறிஞ்சிக்கொள்ளும். வளைத்தால் வளைகிற புல் ஆகாது, முறிய வேண்டும். கருந்துணியும் அப்படித்தான், திறந்து வைத்தால் நாலு நாளில் பொறி பிடிக்க அடம்பிடிக்கும். கிளம்புகிற அன்று வெயிலில் காட்டிய நாரை, சூடு இருக்கும்போதே காற்றுப் புகாத பையில் போட்டு மூடிவிடுகிறேன். வழியில் சந்தேகம் வந்தால் ஒரு மணி நேரம் சட்டைக்குள் உடம்போடு வைத்துக்கொண்டு நடப்பேன். அசிங்கமாகத்தான் இருக்கும், அரிக்கும், ஆனால் பலன் உண்டு.

கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த விரல் தழும்பு இன்னும் இருக்கிறது. கருந்துணியைக் கல்லின் மேலே, விளிம்புக்கு ஒரு நெல்மணி தூரத்தில், பிசிர் விட்ட ஓரம் விளிம்பைப் பார்த்தபடி கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். எஃகை மேலிருந்து கீழாக விளிம்பைச் சீவுகிற மாதிரி இழுக்க வேண்டும், மோதக் கூடாது. பொறி மேலே எழும்பி அந்தப் பிசிரில் உட்காரும். பிடித்ததா என்று தெரியாவிட்டால் லேசாக ஊதுங்கள், ஊசிமுனை அளவு சிவப்பு தெரியும். விளிம்பு மழுங்கினால் பொறி குறையும், ஒரு சில்லைத் தட்டிப் புது விளிம்பு எடுத்துக்கொள்ளுங்கள். சில்லு தெறிக்கும்போது கண்ணாடி கட்டாயம். அந்த முதல் ராத்திரி இருட்டில், கண்ணாடி இல்லாமல், முகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஐந்து மணி நேரம் தட்டியிருக்கிறேன். கண் தப்பியது அதிர்ஷ்டம்.

இவ்வளவு கற்ற பிறகும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஒரு சாயங்காலம் பயிற்சி முடித்து, பாதி எரிந்த துண்டு அணைந்துவிட்டது என்று நினைத்து மற்றவற்றோடு டப்பாவில் போட்டு, மூடியைச் சரியாக அழுத்தாமல் பையில் வைத்துவிட்டேன். வெளிச்சம் இருக்கும்போது கருந்துணியின் கங்கு கண்ணுக்கே தெரியாது. அரை மணி கழித்துப் பையிலிருந்து வாடை. டப்பா தொட முடியாத சூடு, உள்ளே ஒரு மாத வேலை மொத்தமும் சாம்பல், பையின் அடியில் கையளவு ஓட்டை. வெளியே வைத்திருந்ததால் போயிற்று, அலமாரிக்குள் வைத்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். இப்போது மிச்சத் துண்டைத் தண்ணீரில் போட்டுவிடுகிறேன். கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம். தீ மூட்டிய இடத்தையும் அப்படித்தான், தண்ணீர் ஊற்றிக் கிளறி, புறங்கையை வைத்துப் பார்த்துச் சூடு இல்லை என்றால்தான் நகர்வது. கங்கை வளர்க்கக் கற்றுக்கொண்டவனுக்கு அது எவ்வளவு நேரம் சத்தமில்லாமல் உயிரோடு இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் ஜான் வாக்கர் என்ற மருந்துக்கடைக்காரர் உரசினால் பற்றும் தீக்குச்சியை விற்க ஆரம்பித்தது 1827-ல். அதற்கு முன்னால் அங்கே வீட்டுக்கு வீடு ஒரு தகரப் பெட்டியில் கல், எஃகு, கருக்கிய லினன் துணி மூன்றும் சேர்ந்தே இருந்தன. நான் வாங்கிய மூன்று செட்டிலும் முதல் இரண்டுதான் இருந்தன. மூன்றாவதைப் பற்றி ஒரு வரி எழுதிய துண்டுக் காகிதம் உள்ளே இருந்திருந்தால் இத்தனை பாடும் இல்லை.

நாலு மாதம் கழித்து அதே இடத்துக்குத் திரும்பப் போனேன். வேண்டுமென்றே தூறல் இருக்கிற நாளாகப் பார்த்துத்தான். தார்ப்பாய் கட்டி, விறகை அடுக்கி, நார்க்கூட்டை மடியில் வைத்துக்கொண்டு, வேட்டித் துண்டைக் கல்லின் மேல் பிடித்தேன். நாலாவது தட்டில் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. ஜீன்ஸ் துண்டின் மேல் வைத்தேன், கூட்டுக்குள் மடித்தேன், ஊதினேன். பால்புகை வந்தது, சிரிப்பு வந்து ஊத முடியாமல் ஒரு நிமிடம் வீணானது, அப்புறம் பற்றிக்கொண்டது. நேரம் பார்த்தேன், 6 மணி 12 நிமிடம். பையின் ஓரத்தில் இரண்டு லைட்டர் இருந்தன, ஒன்று தண்ணீர் புகாத உறையில். அவற்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கையைக் காய வைத்துக்கொண்டேன்.